மேனேஜர் தலைக்கு ஒரு சேத அறிக்கை

ஊரெல்லாம் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டிருக்க, கேமராக்கா மட்டும் உச்சந்தலையை வைத்துக் கண்டுகொண்டிருந்தாள். அவள் பிழைப்பு அப்படி. அந்த மொத்த வியாபாரக் கடையில் பதினாறு கேமராக்கள், பதினாறும் கூரையில். அவை பார்ப்பதையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருந்த புறாக்கூண்டு அறையில் உட்கார்ந்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் பார்க்க வேண்டும். மூன்று வருடங்களில் அவள் பார்த்ததெல்லாம் வகிடும் சுழியும் வழுக்கையும்தான். தெருவில் யாராவது எதிரே வந்து "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். அதே ஆள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால், "அட, நீயா?" என்பாள்.

அந்தத் தலைகளில் எல்லாம் தலையாய தலை மேனேஜருடையது. அவருக்குக் கடையில் பாலம் என்று பெயர். இடது காதுக்கு மேலே புறப்படும் முடி, உச்சியைக் கடந்து வலது காதுக்கு மேலே போய் இறங்கும். கண்ணாடியில் பார்த்தால் பாலம் உறுதியாகத்தான் இருக்கும். மேலேயிருந்து பார்த்தால்தான் பல இடங்களில் பலகை பெயர்ந்திருப்பது தெரியும். அந்த ரகசியம் காக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முடிதிருத்தும் கடைப் பக்கமே போக மாட்டார், தானே வெட்டிக்கொள்வார். தொப்பி போட்டால் பாலம் இடிந்துவிடும் என்று, லாரி சரக்கு இறக்கும் முற்றத்தில் பன்னிரண்டு மணி வெயிலிலும் வெறுந்தலையோடு நிற்பார். கட்டிய மனைவிக்கே அந்தப் பக்கம் அனுமதி கிடையாது என்று பேச்சு.

இன்னொரு விஷயம், நாற்காலி என்றாலே அவருக்கு ஆகாது. கிடங்கில் இருந்த முக்காலிகளை ஒரே நாளில் வெளியே அனுப்பியவர் அவர். "உக்காந்தா ரத்தம் உறைஞ்சு போயிரும்" என்பது அவர் வைத்தியம். லோடுமேன்கள் என்ன செய்வார்கள்? அவர் அறையில் இருக்கும் நேரம் பார்த்து அட்டைப்பெட்டிகள் மேல் ஐந்து நிமிடம் உட்காருவார்கள். அவர் கிளம்பினால் கேமராக்கா வாக்கிடாக்கியில் எச்சரிக்கை கொடுப்பாள். வாக்கிடாக்கி மேனேஜர் இடுப்பிலும் ஒன்று தொங்கியதால் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஆகவே, "மூணாம் நம்பர் ட்யூப்லைட் மினுக்குது" என்பாள். அவ்வளவுதான், கிடங்கே எழுந்து நின்றுவிடும். மேனேஜரும் கடமை தவறாதவர். ஒரே வருடத்தில் மூன்றாம் நம்பர் ட்யூப்லைட்டை நான்கு முறை மாற்றச் சொன்னார்.

இப்படி இருக்கையில், ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஏழாம் நம்பர் கேமராவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. சரக்கு வந்ததும் பெட்டிகளை வைத்துச் சரிபார்க்கும் இரும்பு மேஜைக்கு நேர் மேலே இருந்த கேமரா அது. தினமும் பத்து மணிக்கு மேனேஜர் அந்த மேஜையில் குனிந்து பெட்டிகளில் அச்சடித்த தேதிகளைப் படிப்பார். லென்ஸில் ஈ எச்சம் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேமராக்கா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து துடைத்துவிட்டுப் போனார். புள்ளி போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் வந்தது. மறுபடியும் ஏணி. மூன்றாவது தடவை சோப்புத் தண்ணீரே போட்டுக் கழுவினார். நான்காவது தடவை கூப்பிட்டபோது ஏணி வரவில்லை, அவர் மட்டும் வந்தார்.

"அக்கா, லென்ஸ் பளபளன்னு இருக்கு. நீங்க ஒங்க கண்ணைத் தொடைங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். புள்ளி மேஜையை விட்டுக் கிளம்பியது. ஏழிலிருந்து எட்டுக்குப் போனது, எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனது, ஒன்பதில் நின்று ஒரு லோடுமேனைத் திட்டியது. அதற்கு அப்புறம்தான் அது மேனேஜரின் சொந்தச் சொத்து என்று புரிந்தது. எலக்ட்ரீசியனும் அவளும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரித்ததோடு விடவில்லை. அந்தப் புள்ளி அவளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. கூட்டத்தில் பாலத்தைத் தேட வேண்டியதில்லை, புள்ளியைத் தேடினால் போதும். புள்ளி அசைந்தால் ட்யூப்லைட் மினுக்கும். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

ஒரு நாள் கண்ணாடி டம்ளர் அனுப்புகிற கம்பெனிக்காரர்களோடு தகராறு வந்தது. உடைந்த டம்ளர்கள் லாரியில் உடைந்தனவா, கடையில் உடைந்தனவா என்று கேள்வி. கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சேதப் புகாருக்கும் அந்த நேரத்து கேமராத் துண்டைத் தனியாக எடுத்து, தேதி போட்டுச் சேமிக்க வேண்டும். கூடவே ஒரு சேத அறிக்கையும் எழுத வேண்டும். எல்லாம் ஏழாம் நம்பர் கேமராவுக்காக எடுத்த துண்டுகள்தான், ஆனால் திரையிலிருக்கும் மற்றக் கட்டங்களும் கூடவே பதிவாகிவிடும். கேமராக்கா இரண்டு வருடத்துத் துண்டுகளை வரிசையாகத் திரையில் அடுக்கி டம்ளர் பெட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் டம்ளரை மறந்துபோனாள்.

ஒவ்வொரு துண்டிலும் மேனேஜர் குனிந்து நின்றார். கேமரா நகரவில்லை, மேஜை நகரவில்லை, ஆளும் அதே ஆள். புள்ளி மட்டும் மாறிக்கொண்டே வந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒன்றுமில்லை. அப்புறம் கடுகு. அப்புறம் மிளகு. போன மாதம் சட்டைப் பொத்தான். அதுவும் உருண்டையாக இல்லை, ஒரு பக்கம் ஓரம் தடித்து, நடுவில் குழிந்து இருந்தது. கடைசித் துண்டு போன வாரத்தியது. அதில் மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் உச்சியை ஒற்றி எடுத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். சிவப்பு வெளியே தெரியாதபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தினமும் கண்ணெதிரே இருக்கிற பிள்ளை வளர்வது தெரியாது என்பார்கள், இது வேண்டாத பிள்ளை. அதை வைத்து ஒன்றரை வருடம் வேடிக்கை பார்த்திருக்கிறோமே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதுகிறவள். பதினைந்து வருடமாக எழுதியதில் தன்னை அரை டாக்டராகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஆறாத புண்ணு, வளர்ற மச்சம், இந்த ரெண்டுக்கும் எங்க டாக்டரம்மா கேக்கற மொதல் கேள்வி, எப்பலேர்ந்து இருக்குன்னுதான். எல்லாரும் போன வாரம்தான் பாத்தேன்னு சொல்லுவாங்க. தலைல இருந்தா அதுவும் சொல்ல மாட்டாங்க. தன் உச்சிய யாரு பாத்திருக்கா?"

"கேன்சரா இருக்குமா?"

"அத நான் சொல்லக் கூடாது. நான் சீட்டு எழுதறவ." எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "இருக்கலாம் அண்ணி. மொதல்ல கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு வருவதாம். பூனைக்கு யார் மணி கட்டுவது? "சார், உங்க உச்சில ஒண்ணு இருக்கு" என்றால், உச்சியை எப்போது பார்த்தாய் என்று கேட்பார். கேமராவில் என்றால் காட்டு என்பார். காட்டினால் பக்கத்துக் கட்டங்களும் தெரியும். லோடுமேன்கள் அட்டைப்பெட்டியிலிருந்து துள்ளி எழுவது தெரியும். அவள் வேலை போகும். வீட்டுக்காரருக்குத் தையல் மெஷினில் இடுப்பு பிடித்து மூன்று மாதமாக வருமானமில்லை. இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே முதலில் கோழைகளின் வழியைப் பிடித்தாள். யோசனைப் பெட்டியில் பெயர் போடாமல் ஒரு சீட்டு போட்டாள்: "மேனேஜர் அவர்கள் தங்கள் தலையை உடனே டாக்டரிடம் காட்டவும்." மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் அதை உரக்கப் படித்தார். தனக்குப் பைத்தியம் என்று யாரோ எழுதியிருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு நாலு வரி எழுதச் சொல்லிக் கையெழுத்தைச் சோதித்தார். கேமராக்கா இடது கையால் எழுதித் தப்பித்தாள். அப்போது அவர் சட்டைக் காலரின் பின்பக்கம் பழுப்பாக ஒரு கறை இருந்ததை அவள் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், கேமரா ரூமுக்கு ஒரு நிமிஷம் வரணும். ஒரு சேதம் காட்டணும்."

சேதம் என்றால் அவர் உடனே எழுந்துவிடுவார். புறாக்கூண்டு அறையில் அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றே திரையைப் பார்த்தார். அவள் ஐந்து துண்டுகளைத் தேதி வாரியாக ஓடவிட்டாள்.

"எது சேதம்? டப்பாவெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"டப்பா இல்ல சார். தலை."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தால் தன் பாலம் எப்படி இருக்கும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. கை தானாக மேலே போய் முடியைச் சரிசெய்தது.

"இத எதுக்கு எடுத்து வச்சிருக்க? அழி."

"சார், அந்தக் கறுப்ப பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இல்ல. இப்ப பொத்தான் அளவு இருக்கு. ரத்தம் வருது. டாக்டர்கிட்ட காட்டணும் சார்."

"சீப்பு பட்டிருக்கும்."

"சீப்பு பட்டு ஒன்றரை வருஷமா வளருமா சார்?"

அவர் கண் வேறு பக்கம் போயிருந்தது. ஏழாம் நம்பர் கட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒன்பதாம் நம்பர் கட்டம். அதில் நாலு லோடுமேன்கள் அட்டைப்பெட்டிகள் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருபது வினாடி கழித்து அவரே அந்தக் கட்டத்துக்குள் நுழைந்தார். அவர் குனிந்து, தானே பட்டனை அழுத்தி அடுத்த துண்டைப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. ஐந்து துண்டையும் பார்த்து முடித்தார். தலையில் ஏதோ வளர்கிறது என்கிறாள் ஒருத்தி, மனிதர் முக்காலி விவகாரத்தைத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்.

"மூணாம் நம்பர் ட்யூப்லைட்டு" என்றார் மெதுவாக. "அது நான்தானா?"

"ஆமா சார்."

"நாலு தடவ மாத்தச் சொன்னேன்."

"ஆமா சார்."

"எழுதிக் குடுத்துட்டுப் போயிரு."

இதைத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பயமாக இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"எழுதித் தரேன் சார். ஆனா நீங்க நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு, பாத்ததுக்கு சீட்டு கொண்டு வரணும். சீட்டு வந்த பிறகுதான் என் லெட்டர் மேலிடத்துக்குப் போகணும்."

"எனக்கே நிபந்தனையா?"

"ஒரு சீட்டுக்கு ஒரு லெட்டர் சார். சரிக்குச் சரி."

மேனேஜர் கறாரானவர், ஆனால் கணக்கு நேராக இருந்தால் மறுக்கத் தெரியாதவர். ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிய சீட்டை இவள் முகத்தில் வீசிவிட்டு, இவளையும் அனுப்பிவிடலாம் என்ற எண்ணமே அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். "எழுது" என்றார்.

அவளுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மூன்று வருடமாக எழுதியது ஒரே ஒரு தாள்தான், சேத அறிக்கை. கையில் இருந்ததும் அதுதான். ஆகவே அதிலேயே எழுதினாள்.

கேமரா எண்: ஏழு.

பொருள்: மேனேஜர் தலை. உச்சியில் வலப்பக்கம்.

சேத விவரம்: ஒன்றரை வருடத்துக்கு முன்பு கடுகளவு. லென்ஸ் அழுக்கு என்று நினைத்து மூன்று முறை லென்ஸ் துடைக்கப்பட்டது. ஒரு வருடத்துக்கு முன்பு மிளகளவு. போன மாதத்திலிருந்து சட்டைப் பொத்தான் அளவு, ஓரம் தடித்திருக்கிறது. போன வாரம் ரத்தம், கைக்குட்டையால் துடைத்தார். இன்று காலரில் கறை.

சேதத்துக்குக் காரணம்: தெரியவில்லை. தினமும் வெறுந்தலையோடு வெயிலில் நிற்கிறார்.

பொறுப்பு: இந்த இடத்தில் வழக்கமாக லாரிக்காரர் என்றோ லோடுமேன் என்றோ எழுதுவாள். இப்போது நான் என்று எழுதினாள்.

அடியில் குறிப்பு: "இந்த அறிக்கையை ஒன்றரை வருடத்துக்கு முன்பே தந்திருக்க வேண்டும். தராமல் வேடிக்கை பார்த்ததற்கு வெட்கப்படுகிறேன். ட்யூப்லைட் விஷயத்தில் லோடுமேன்களுக்குச் சம்பந்தமில்லை. ஒரு மாத நோட்டீஸில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

அவர் அதை வாங்கிப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "அண்ணி, ஆஸ்பத்திரில நடக்கறத வெளிய சொல்லக் கூடாது. நான் சொல்லவும் மாட்டேன்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

மேனேஜர் வரிசையில் நின்று, ஜன்னலில் குனிந்து, "எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு சீட்டு வேணும்" என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்பதற்கு இங்கே சீட்டு கிடையாது, ஏதாவது இருந்தால்தான் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். உள்ளே டாக்டரம்மா அவர் வயதில் பாதிகூட இருக்க மாட்டாள். அவள் பாலத்தின் மேல் கையை வைத்தபோது மனிதர் ஊசி போடும் குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாராம். டாக்டரம்மா முடியை ஒதுக்கி, வெளிச்சம் வருகிற பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். எப்போதிலிருந்து இருக்கிறது? தெரியாது. வளர்ந்திருக்கிறதா? தெரியாது. ரத்தம்? கொஞ்சம். எந்த வருடம் என்றாவது? தெரியாது. தெரியாது தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போய், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். "எங்க கடைல ஒருத்தி எழுதினது. இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க."

"டாக்டரம்மா அத ரெண்டு தடவ படிச்சாங்க அண்ணி. அப்புறம் இன்னொரு டாக்டரக் கூப்பிட்டுக் காட்டினாங்க. லென்ஸ் தொடச்ச எடத்துல ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஆனா ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பிட்டாங்க. பத்து நாள் ஆகுமாம்."

அந்தப் பத்து நாள் கடையில் விசேஷம் எதுவுமில்லை. மேனேஜர் தலையில் ஒரு சின்னப் பிளாஸ்திரியோடு வழக்கம்போல நடந்தார், வழக்கம்போலத் திட்டினார். வாக்கிடாக்கியில் ட்யூப்லைட் மினுக்கவில்லை. லோடுமேன்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். கேமராக்கா புள்ளி எங்கே போனாலும் அதன் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனாள். முன்பு தேடியதற்கும் இப்போது தேடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒன்றுமில்லை என்று வந்துவிட வேண்டும், என் வேலை போனாலும் போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

பதினோராம் நாள் அவர் கேமரா அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ சொன்னது சரி" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். அவர் டாக்டர் சீட்டை அவள் மேஜைமேல் வைத்தார். வாக்குக் கொடுத்தபடி சீட்டு வந்துவிட்டது.

"தோல்ல வர்ற கேன்சராம். நம்ம மாதிரி நெறத்துக்கு அவ்வளவா வராது, அதனாலயே யாரும் பாக்கறதில்லன்னு சொன்னாங்க. மெதுவா வளர்ற வகை. வேற எடத்துக்கு ஓடாது, ஆனா விட்டா கீழ தோண்டிக்கிட்டே போகுமாம். தலைல தோலுக்குக் கீழ என்ன இருக்கு? எலும்புதான். வெட்டி எடுத்து, ஓரத்த அங்கயே மைக்ராஸ்கோப்ல பாப்பாங்களாம். அழுக்கு இருந்தா மறுபடி வெட்டு. சுத்தமாகற வரைக்கும். அப்புறம் தொடையிலேர்ந்து தோல் எடுத்து மேல ஒட்டுவாங்க."

"மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு சொல்லுவாங்க" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேனேஜர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். "கிட்டத்தட்ட அதேதான்" என்றார். அவர் உதடு கோணியது. அந்தக் கடையில் அதைச் சிரிப்பு என்றுதான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறுநாள் ஒரு அம்மாள் நேராகக் கேமரா அறைக்கு வந்தார். மேனேஜரின் மனைவி. "அந்தப் படத்தப் போடும்மா" என்றார். கேமராக்கா போட்டாள். ஐந்து துண்டையும் அந்த அம்மாள் பார்த்தார். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறேன். எனக்குக் காட்டாத உச்சிய ஒங்க கூரைக்குக் காட்டியிருக்கார்" என்றார். "எனக்குக் கோவம்தான் வருது. அழுகை அப்புறம் வரும். நீ நல்லா இரு."

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை நடந்தது. முதல் வெட்டில் ஒரு ஓரம் சுத்தமாக இல்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதில்தான் ஆயிற்று. நாத்தனார் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தடவை, சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சொன்னாள். இரண்டாவது போன் வந்தபோது கேமராக்கா பதினாறு திரைகளையும் விட்டுவிட்டு மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்து நின்றாள். மூன்றாவது போன் வந்ததும் வாக்கிடாக்கியை எடுத்து, "சுத்தம்" என்று மட்டும் சொன்னாள். கிடங்கில் யாரோ கைதட்டினார்கள். தலைக்கு வந்தது பாலத்தோடு போயிற்று என்றான் ஒரு லோடுமேன். மற்றவர்கள் அவனை அதட்டினார்கள், ஆனாலும் சிரித்தார்கள்.

மேனேஜர் இல்லாத நாட்களில் லோடுமேன்கள் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம். யாரும் உட்காரவில்லை. ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை.

கேமராக்காவின் நோட்டீஸ் முடிகிற நாள் வந்தது. அவள் தன் டம்ளரையும் நாற்காலி மெத்தையையும் காலையிலேயே பைக்குள் எடுத்து வைத்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் வேறு வேலை கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தாள். எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சரியாகப் பத்து மணிக்கு ஏழாம் நம்பர் கட்டத்தில் ஒரு தொப்பி வந்தது. யார் என்று புரியவில்லை. தொப்பியைக் கழற்றியதும் புரிந்தது. மொட்டைத் தலை, அதில் உச்சியில் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒரு ஒட்டுத்தோல், சுற்றிலும் தையல் தடம். சுற்றி இருந்த லோடுமேன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. இரும்பு மேஜையின் முன்னால் குனிந்து, அப்படியே நின்றார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கேமரா ரூம்."

"சார்."

"ஏழாம் நம்பர்ல என்ன தெரியுது?"

"நீங்கதான் சார்."

"அது தெரியும். தலைல என்ன தெரியுது?"

"தையல் நல்லா ஆறியிருக்கு சார்." அவள் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். "சார், இன்னியோட என் நோட்டீஸ் முடியுது."

"எந்த நோட்டீஸ்?"

"நான் எழுதிக் குடுத்த லெட்டர்."

"அது என்கிட்ட இல்ல. டாக்டரம்மா ஃபைல்ல சேத்துட்டாங்க. திருப்பிக் கேட்டேன். நோயாளியோட விவரம், குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

"வேற எழுதித் தரேன் சார்."

"வேணாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர் பாப்பாங்க. நடுவுல வீட்டுல யாராவது பாத்துக்கிட்டே இருக்கணுமாம். என் வீட்டுக்காரி பாத்தா அழறா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நீ இங்க வா. கிட்ட வந்து பாரு."

அவள் அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படியைச் சுற்றி, கிடங்கைக் கடந்து நடந்தாள். அவர் அதே இடத்தில் குனிந்தே இருந்தார். மூன்று வருடம் கூரையிலிருந்து பார்த்த தலையை முதல் தடவையாக ஒரு சாண் தூரத்தில் பார்த்தாள். மருந்து வாசனை வந்தது. ஒட்டுத்தோலைச் சுற்றி ஓரம் ஓரமாகப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், பிடரி வரைக்கும் பார்த்தாள். கறுப்பாக எதுவும் இல்லை.

"சுத்தமா இருக்கு சார்."

அவர் நிமிரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தார்.

"இன்னொரு தடவ பாரேன்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு தையலாக.